பல்வலியும் பாதரசப் பயமும்

மனிதனுக்கு வருகின்ற வலிகளுக்குள் பல்வலிக்கு ஒரு தனி யோக்கியதை உண்டு. வயிற்றுவலிக்காரன் சுருண்டு படுத்துக் கொள்ளுவான். தலைவலிக்காரன் துணியை எடுத்துக் கட்டிக் கொள்ளுவான். பல்வலிக்காரனோ, எவன் எதைச் சொன்னாலும் செய்வான். இராத்திரி இரண்டு மணிக்கு அவனிடத்தில் வந்து, கிழக்கே பார்த்து மூன்று தரம் குலைத்தால் வலி நிற்கும் என்று ஒருவன் சொல்லுவானேயானால், குலைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பான். ஆதலால் உலகத்திலுள்ள மந்திரக்காரர், வேர்க்காரர், குறிக்காரர் ஆகிய எல்லோருக்கும் பல்வலியானது தலைமுறை தலைமுறையாக ஒரு மான்யம் போலவே இருந்து வந்திருக்கின்றது. இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள பெருமை அல்ல. கிறிஸ்தவர்களுக்குள் பல்வலிக்கென்றே ஒரு அர்ச்சிஷ்டவள் இருக்கிறாள். 249-ம் வருஷத்தில் அலெக்சாந்திரியாவில் பல் உடைக்கப்பட்டு உயிர்விட்டதாகச் சொல்லப்படும் அப்பொலோனியா என்பவளே அவள். பிப்ரவரி 9-ந் தேதி அவளுக்குத் திருநாள்.

நம்மவர்களோ புழுவைக் கண்டுபிடித்தார்கள். பல்லுக்குள் புழு குடைகிறது என்பதும், கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் புழு வெளியே விழும் என்பதும், விழுந்த புழுவைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் காட்டிக் காசு வாங்குவதும் நம் சந்தைகளில் நெடுங்காலம் நடந்த வியாபாரம். ஐரோப்பாவிலும் இதே வித்தையைக் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையைக் கொண்டு செய்தார்கள். சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து துருத்திக் கொண்டு வரும் வெள்ளை முளைதான் அந்தப் புழு! பிரெஞ்சு தேசத்துப் பல் வைத்தியரான பியேர் போஷார் என்பவர் 1728-ல் அச்சிட்ட தம் புத்தகத்திலே, தேடிப் பார்த்தும் அப்படிப்பட்ட புழுவைத் தாம் காணவில்லை என்று எழுதி வைத்தார். அவர் எழுதி முந்நூறு வருஷம் ஆகப் போகிறது. புழு இன்னும் சாகவில்லை.

நிற்க, நாம் இன்று எழுத வந்தது அந்தப் பழைய புழுவைப் பற்றியல்ல. டாக்டரிடம் போய், பணம் கொடுத்து, பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புது அடைப்பு வைத்துக் கொண்ட பிறகு வருகின்ற வலியைப் பற்றியேயாகும். சொத்தையினால் வருகிற வலியைவிட இது நம்முடைய இயக்கத்தாருக்கு அதிகத் தொந்தரவானது. ஏனென்றால், சொத்தைப் பல் வலித்தால் டாக்டரிடம் போ என்று நாம் சொல்லிவிடலாம். டாக்டரிடம் போய் வந்த பல் வலித்தாலோ, “பார்த்தீர்களா உங்கள் சயன்சை!” என்று பக்கத்து வீட்டுப் பக்தர் கேட்கிறார். நம் தோழரும் பதில் தெரியாமல் கன்னத்தைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார். வலிக்கிற நேரத்தில் பதில் தெரியாமல் நிற்பவனைப் போல மூடநம்பிக்கைக்கு லேசான இரை வேறில்லை.

பழனி மலைத்தொடரின் மேல் பகுதியிலே, கோடைக்கானலுக்கு அப்பால் பூண்டும் காரட்டும் பயிரிடுகிற கிராமத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வைத்த வெள்ளி நிற அடைப்பு இருந்ததாம். அது ஒரு தொந்தரவும் செய்யவில்லையாம். அப்படியிருக்க, அது வெள்ளியல்ல, பாதரசம் என்றும், கோடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் படுத்திய அதே பாதரசம் என்றும் உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டுத் தோழருக்குத் தூக்கம் போய்விட்டதாம். மலையிறங்கிப் போய் அதை எடுத்துவிட்டு, பல்லின் நிறத்திலேயே புது அடைப்பு வைத்துக் கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். பாதி மலை ஏறுவதற்குள் பல் குத்த ஆரம்பித்தது. வீட்டிலே பச்சைத் தண்ணீர் பட்டால் சுளீர் என்கிறது, கடித்தால் உயிர் போகிறது. மனைவியார் பழனிக்கு நேர்ந்த முடிகாணிக்கை பாக்கியிருப்பதை ஞாபகப்படுத்தினார். மாமியார் அஷ்டமத்துச் சனி என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மலைப்பூண்டை நசுக்கி வைக்கச் சொன்னார். வைத்ததில் ஈறு வெந்து போயிற்று. “பல்லைப் பிடுங்கிவிட்டால் மூன்று பேரும் வாயை மூடிக் கொள்ளுவார்கள் போலிருக்கிறது, பிடுங்கிவிடலாமா?” என்று நம்மைக் கேட்டிருக்கிறார்.

அவருக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கு எழுதுகிறோம்.

முதலாவது, பாதரசப் பயத்தை எடுத்துக் கொள்ளுவோம். கோடைக்கானல்காரர்கள் பாதரசத்துக்குப் பயப்படுவதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அந்தப் பயத்தை அனுபவமே கற்றுக் கொடுத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டு வந்து 1980-களின் ஆரம்பத்தில் கோடைக்கானலில் வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சு மாதத்தில், மூஞ்சிக்கல்லிலே ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை ஊராரும் சுற்றுச்சூழல் சங்கத்தாரும் வெளிப்படுத்தியதன் பேரில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் தங்களுக்கு நேர்ந்த நோய்களைச் சொல்லிப் பதினைந்து வருஷம் போராடினார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குத் தொழிற்சாலையால் தீங்கில்லை என்று கம்பெனி கடைசிவரையில் சொல்லிக் கொண்டே, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் இறந்தவர்களின் குடும்பத்தாரோடும் உதவித்தொகை கொடுத்து உடன்பாடு செய்து கொண்டது. பாம்பாறு சோலைப் பக்கத்து மண்ணைச் சுத்தம் செய்வது எந்த அளவுக்கு என்கிற வழக்கு அதன் பிறகும் நடந்தது. இவ்வளவையும் பார்த்த ஊரில் பாதரசம் என்ற சொல்லைக் கேட்டால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும்.

ஆனால் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்பது வேறு, பயத்தைக் கொண்டு காரியம் செய்வது வேறு. வெள்ளி நிற அடைப்பு என்பது வெள்ளி, தகரம், செம்பு இவற்றின் தூளைப் பாதரசத்தோடு குழைத்துக் கெட்டியாக்கியது. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசமே. ஆனால் அது தெர்மாமீட்டர்க் குழாயிலிருந்து தரையில் ஓடிய பாதரசத்தைப் போல் சும்மா இருக்கும் பாதரசமல்ல. மற்ற உலோகங்களோடு கூடி இறுகிவிட்டது. மெல்லும்போது அதிலிருந்து ஆவி சிறிது வருவது உண்மை. அது மிகச் சிறிய அளவு. ஆலை அறையிலே நாள் முழுவதும், வருஷக் கணக்கில் பாதரச ஆவியை மூச்சிலே இழுத்தவனுக்கு நேர்ந்ததை அதனோடு ஒன்றாக வைப்பது, அடுப்பங்கரைப் புகையையும் தீப்பற்றிய வீட்டின் புகையையும் ஒன்று என்பது போலாகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ல் வெளிப்பட்ட கொடுமையோ மூன்றாவது தினுசு. அங்கே தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர் வயிற்றுக்குப் போயிற்று.

இந்தச் சண்டை புதிதுமல்ல. அமெரிக்காவில் 1840-ல் ஏற்பட்ட பல் டாக்டர்கள் சங்கம் ஒன்று, பாதரசக் கலவையை உபயோகிப்பதில்லை என்று தன் அங்கத்தினர்களிடம் கையெழுத்து வாங்கியது. அந்தச் சண்டையிலேயே சங்கம் 1856-ல் கலைந்து போயிற்று. இன்றைய நிலைமை என்னவென்றால், மினமாட்டா பெயரால் 2013-ல் செய்யப்பட்ட உலக உடன்படிக்கையில் நம் நாடும் 2018-ல் சேர்ந்திருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் இந்த அடைப்பை, டாக்டர் அவசியமென்று கருதும் சில சமயம் தவிர, வைப்பதில்லை. உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் கூடி, 2034-க்குள் இதை முழுதும் விட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கின்றன. முக்கியமாக இது பூமியையும் தண்ணீரையும் காப்பாற்றுவதற்காகச் செய்த முடிவு. இனிமேல் வைக்க வேண்டாம் என்பதற்கும், வைத்ததையெல்லாம் தோண்டி எடு என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2020-ல், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மூத்திரக்காய்க் கோளாறு உள்ளவர்களுக்கும் இதைப் புதிதாக வைக்காமலிருப்பது நல்லது என்று சொன்ன அதே அறிக்கையில், நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைக் காரணமில்லாமல் எடுக்காதே என்றும் சொல்லியிருக்கின்றது. ஏனெனில் எடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆவி அதிகம் வரும். அன்றியும், எடுக்கிறபோது அடைப்போடு நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஆகவே நம் தோழர் பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்த அடைப்பை உறவினர் பேச்சுக்காக எடுத்தது அனாவசியம். அடைப்பு உடைந்திருந்தாலோ, ஓரத்தில் இடைவெளி விழுந்து உள்ளே சொத்தை ஓடியிருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும்.

இதிலே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. பல்லுக்குள் ஒரு பருப்பளவு பாதரசக் கலவை இருக்கிறதென்று இராத்திரித் தூக்கம் இழக்கிற அதே குடும்பம்தான், பழனி மலை விக்கிரகம் போகர் செய்த நவபாஷாணம் என்றும், அதன்மேல் பட்டு வழிகிற பாலும் சந்தனமும் சகல நோய்க்கும் மருந்து என்றும் வாங்கி உட்கொள்ளுகிறது. நவபாஷாணம் என்றால் ஒன்பது விஷம். அந்த ஒன்பது எவை என்பதிலே பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம் இருந்தாலும், வீரம், பூரம், லிங்கம் என்று அதில் சொல்லப்படும் சரக்குகள் எல்லாம் பாதரசச் சரக்குகள்தான். விக்கிரகம் உண்மையில் எதனால் செய்யப்பட்டது என்ற வழக்குக்கு நாம் இப்பொழுது போகவில்லை. சொல்லுகிறவர்கள் சொல்லுவதையே வைத்துக் கொண்டு கேட்கிறோம்: அதிலிருந்து ஏதாவது கரைந்து பாலில் சேருகிறதா, சேரவில்லையா? சேருகிறதென்றால் சேருவது விஷம். சேரவில்லையென்றால் பால் வெறும் பால். மூன்றாவதாக ஒரு வழியிருந்தால் பக்தர்கள் எழுதட்டும், போடுகிறோம். பஞ்சாமிர்தத்தைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. மலைவாழைப்பழமும் வெல்லமும் தேனும் நெய்யும் நல்ல பண்டங்களே. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் வெல்லமும் தேனும் சேர்ந்து பல்லிடுக்கில் பசை போல் ஒட்டிக் கொள்ளுகிற எந்தப் பண்டமும், கோவிலில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், பல்லுக்குச் செய்வது ஒன்றுதான். தின்றவர்கள் உடனே வாயைக் கொப்பளித்தால் பக்திக்கும் குறைவில்லை, பல்லுக்கும் குறைவில்லை.

இனி வலிக்கு வருவோம். பல் என்பது கல் அல்ல. வெளியே இருப்பது கெட்டியான ஓடு. அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்குள் எலும்பு போன்ற ஒரு தசை. அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்துக்குள் பல்லாயிரம் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. குழாய்களில் நீர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவே, நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய உயிருள்ள சதை. பழைய அடைப்பைக் குடைகிற மிஷின் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. தண்ணீர் பீய்ச்சிக் கொண்டே குடைந்தாலும் சூடும் அதிர்ச்சியும் உள்ளே போகத்தான் செய்யும். ஒவ்வொரு தரம் மாற்றும்போதும் பள்ளம் கொஞ்சம் ஆழமாகிறது, சுவர் கொஞ்சம் மெலிகிறது, நரம்பு கொஞ்சம் சமீபிக்கிறது. அடிபட்ட விரல் வீங்குவதைப் போல அந்தச் சதையும் வீங்கப் பார்க்கிறது. விரலுக்கு வீங்க இடமுண்டு. பல்லுக்குள் இருக்கும் சதைக்கு நாலு பக்கமும் கற்சுவர். அதனால்தான் சிறிய தொந்தரவுக்கு இவ்வளவு பெரிய கூப்பாடு. பல்லின் நிறத்திலே வைக்கிற புதுச் சாந்தும், நீலவெளிச்சத்தில் இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பாகம் சுருங்குகிறது. சுருங்கும்போது சுவரை இழுக்கும், அல்லது மயிரிழை இடைவெளி விடும். இடைவெளிக்குள் குளிர்ந்த நீர் பட்டால் குழாய்களிலுள்ள நீர் சட்டென்று நகரும். நகர்ந்தால் நரம்பு சுளீர் என்னும். இதில் சனியனுக்கு நுழைய இடம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

கடித்தால் மாத்திரம் வலிக்கிறதே, அதற்கு அநேகமாக இதைவிட எளிய காரணம் உண்டு. புது அடைப்பு ஒரு மயிரளவு உயரமாயிருக்கும். அவ்வளவுதான். மயிரளவு உயரம் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். பல்லிடுக்கில் ஒரு மயிர் சிக்கினால் உங்களுக்குத் தெரிகிறதா, இல்லையா? ஊசி போட்டு மரத்த வாயால் “கடித்துப் பாருங்கள்” என்று டாக்டர் சொன்னபோது நம்முடைய தோழர் குத்துமதிப்பாகக் கடித்துக் காட்டிவிட்டு வந்திருப்பார். மரப்பு தெளிந்த பின்தான் அந்த ஒரு பல் மற்ற எல்லாப் பல்லுக்கும் முன்னால் போய் முட்டுகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் தரம் முட்டினால் வேர்ப்பக்கமெல்லாம் புண்ணாகும். திரும்பப் போனால், நிறமேற்றிய ஒரு காகிதத்தை வைத்துக் கடிக்கச் செய்து, கறை பட்ட இடத்தை இரண்டு நிமிஷத்தில் தேய்த்து விடுவார்கள். இதற்காகப் பல்லைப் பிடுங்குவது, கதவு தட்டுகிறதென்று வீட்டை இடிப்பதாகும்.

பாதி மலை ஏறுவதற்குள் வலித்ததே, அதுதான் எல்லாவற்றிலும் ருசியான சங்கதி. வத்தலக்குண்டில் வாங்கின உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், பஸ் பெருமாள் மலைக்கு வருவதற்குள் தலையணை மாதிரி உப்பிக் கொள்ளுகிறதை மலைக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கோடைக்கானல் சுமார் 7,000 அடி, அதாவது 2,100 மீட்டர் உயரம். கீழேயுள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகம் அங்கே குறைந்து போகிறது. ஆகையால் கீழே நாலு பங்கு இடத்தில் அடங்கியிருந்த காற்று, மேலே ஐந்து பங்கு இடம் கேட்கிறது. பொட்டலம் உப்பி இடம் கொடுக்கிறது. அடைப்புக்குக் கீழே, அல்லது பழைய சொத்தையின் ஓட்டைக்குள் சிக்கின காற்றுக்கு உப்ப இடமேது? அது ஏற்கெனவே புண்பட்ட சதையை அழுத்தும். ஆகாய விமானக்காரர்களுக்கு இப்படிப் பல் வலிப்பதை இரண்டாவது மகாயுத்த காலத்திலேயே டாக்டர்கள் கண்டு அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மலைப் பாதைக்கு உயரம் குறைவுதான். ஆரோக்கியமான பல்லுக்கு ஒன்றும் செய்யாது. புதிதாகக் குடைந்த பல்லுக்குச் சில பேருக்குச் செய்யும்.

இதற்கு நம் பக்தர் ஒருவர் சொன்ன சமாதானம் வேறு. மேலிருந்து பழனிப் பக்கம் இறங்க இறங்க அவருக்கு வலி குறைந்ததாம். ஆண்டவன் சமீபிக்கச் சமீபிக்க அனுக்கிரகம் ஏறுகிறதாம்! நல்லது. அப்படியானால் அதே மனிதர் பழனிக்கு முதுகைக் காட்டிக் கொண்டு வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கிப் பார்க்கட்டும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் இறங்கிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் இறங்கினாலும் வலி குறையுமானால், குறைத்தது ஆண்டவனா, இறக்கமா என்று அவருடைய பல்லே அவருக்குச் சொல்லும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைக் குளிரில் சளி பிடித்து மூக்கின் பக்கத்து எலும்புப் பொந்துகளில் நீர் கட்டினால் மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து வலிக்கும். குனிந்தால் கனக்கும். அது பல்லின் குற்றமேயல்ல. இதைத் தெரியாமல் நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்றால், குளிர்ச்சி பட்டதும் சுளீர் என்று குத்தி, எடுத்ததும் சில வினாடிக்குள் அடங்கிப் போகிற வலி, நாளுக்கு நாள் குறைந்து வருமானால், இரண்டு மூன்று வாரம்கூடப் பொறுத்துப் பார்க்கலாம். சதை தானே தேறிக் கொள்ளும். கடித்தால் வலிக்கிறதென்றால் நாலு நாளுக்குள் போய் உயரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கடிக்கிறபோது இல்லாமல் கடித்துவிடும்போது குத்துகிறதென்றால் பல்லில் கீறல் விழுந்திருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சூடு பட்டால் வலி எழும்பி நெடுநேரம் நிற்பது, ஒன்றும் படாமலே தானாகத் துடிப்பது, படுத்தால் அதிகமாகித் தூக்கத்திலிருந்து எழுப்புவது, இவையெல்லாம் உள்ளே இருக்கிற சதை தேறாது என்பதற்கு அடையாளம். அப்பொழுது அந்தச் சதையை எடுத்துச் சுத்தம் செய்து வேரை அடைக்கிற வேர் சிகிச்சையோ, பல்லை எடுப்பதோதான் வழி. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற் போனால் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இராத்திரியே மலையிறங்க வேண்டியிருந்தாலும் இறங்க வேண்டும். உயிருக்கு ஆபத்து.

கைவைத்தியத்தையெல்லாம் நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. பாட்டி சொன்னது என்பதற்காக ஏற்பதும் தப்பு, பாட்டி சொன்னது என்பதற்காகத் தள்ளுவதும் தப்பு. கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்கச் செய்வது உண்மை. அதிலுள்ள சத்தைப் பல் டாக்டர்களே துத்தநாகத் தூளோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைத்து வருகிறார்கள். ஆனால் நல்ல அடைப்பு மூடியிருக்கிற பல்லுக்குள் அது எப்படி இறங்கும்? ஈறுக்கு மட்டுந்தான் எரிச்சல். பூண்டு ஈறை வேக வைக்கும் என்பதற்கு நம் தோழரே சாட்சி. கோடைக்கானல் கடைவீதியில் விற்கிற யூகலிப்டஸ் தைலம் வாய்க்குள் போகத்தக்கதல்ல, வயிற்றுக்குப் போனால் விஷம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் வைத்து அடக்குகிறவர்கள் ஈறைப் பொசுக்கிக் கொள்ளுகிறார்கள். பாராசிட்டமால் மாத்திரையை அளவாக விழுங்குவதே மேல். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கித் தின்கிற கிருமிக்கொல்லி மாத்திரைகள், வீக்கமும் காய்ச்சலும் இல்லாத நரம்பு வலிக்கு ஒன்றும் செய்வதில்லை.

இவ்வளவும் பக்தர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொன்னோம். டாக்டர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கின்றது. நம் தோழர் கடிதத்தில் நம்மை மிகவும் உறுத்திய வரி எதுவென்றால், “என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன், உனக்குச் சொன்னால் புரியாது என்றார்” என்பதே. புரியாத பாஷையில் மந்திரம் சொல்லி, அர்த்தம் கேட்டால் உனக்கு எதற்கு என்கிற புரோகிதனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? கையில் மணியாட்டினால் என்ன, மிஷினைச் சுற்றினால் என்ன? மேலே நாம் எழுதியிருக்கிறதில் பூண்டு பயிரிடுகிறவனுக்குப் புரியாதது எது? “ஒரு வாரம் குளிர்ச்சி பட்டால் சுளீர் என்னும், கடித்தால் வலித்தால் திரும்ப வா, மலையேறும்போது குத்தினாலும் குத்தும்” என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால், மாமியார் சனிக்கும், மனைவியார் முடிகாணிக்கைக்கும் போயிருக்க மாட்டார்களே. டாக்டர் வாயை மூடினால் ஜோசியன் வாய் திறக்கிறான். எல்லா டாக்டர்களும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. பொறுமையாகச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொல்லுவது ஒருவருடைய தயவாக இருக்கக் கூடாது, நோயாளியின் உரிமையாக இருக்க வேண்டும். பல்லை அடைக்கிற ஒவ்வொரு இடத்திலும், எந்தப் பல், என்ன சாந்து, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி, எந்த வலிக்குத் திரும்ப வர வேண்டும் என்று தமிழில் எழுதி ஒரு சீட்டுக் கொடுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். செருப்பு வாங்கினால் ரசீது தருகிறார்கள்.

நாற்காலியில் சாய்ந்தவுடனே நம்மவர்களுக்கு முதுகெலும்பு போய்விடுகிறது. படித்தவர்களுக்குந்தான். வாயைத் திறப்பதற்கு முன்னால் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்: இதை எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? படம் எடுத்துப் பார்த்தீர்களா? இந்த மூன்று கேள்விக்கும் கோபித்துக் கொள்ளுகிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அரசாங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. சென்னையிலும் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷந்தோறும் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். மன்னவனூரிலும் கூக்காலிலும் பல் வலிக்கிறவனுக்கோ, அடைப்பின் உயரத்தை இரண்டு நிமிஷம் தேய்த்துக் கொள்ளுவதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் போகிறது. இரண்டாம் தரம் போக மனம் வருமா? அதனால்தான் இருபது வருஷம் மெல்லக் கூடிய பல்லை ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, நாற்பது வயதில் கன்னம் ஒட்டிப் போகிறார்கள். மாதத்துக்கு இரண்டு நாள், சந்தை நாளாகப் பார்த்து, மேல்மலைக் கிராமங்களுக்கு ஒரு பல் டாக்டரும் ஒரு வண்டியும் வந்தால் இதில் பாதி நடவாது.

நம் தோழர் நம் பதில் கண்டு திரும்பப் போனாராம். காகிதம் வைத்துத் தேய்த்ததில் கடிக்கிற வலி அன்றே போயிற்று. குளிர்ச்சிக்குச் சுளீர் என்பது மூன்று வாரம் இருந்து குறைந்து வருகிறது என்று எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கேள்வியும் எழுதியிருக்கிறார். தன் பல்லிலிருந்து சுரண்டி எடுத்த பாதரசக் கலவையை அங்கே தண்ணீரோடு தொட்டியில் துப்பச் சொன்னார்களே, அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறார். சாக்கடைக்குப் போகாமல் அதைத் தடுத்துப் பிடிக்கிற சல்லடைக் கருவிகள் இருக்கின்றன. பாதரசத்தால் ஒரு தரம் பட்ட மலையிலும், மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற ஊர்களிலும் எத்தனை இடங்களில் அதை வைத்திருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் தாங்கள் போகிற இடத்தில் கேட்டு, கிடைக்கிற பதிலை நமக்கு எழுத வேண்டுகிறோம். எழுதுகிறவர் பெயரை வெளியிட மாட்டோம்.